கண்ணையனின் துண்டுச் சீட்டுகள்

கண்ணையனுக்கு எழுபத்தைந்து வயது என்று ஆதார் அட்டை சொல்கிறது. அதில் இருக்கிற பிறந்த தேதியை அவருடைய அம்மா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பருத்தி வெடித்த மாதத்தில் பெற்றதாக அவள் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியாரோ ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார். வேப்பந்தட்டையில் அவர் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அதே ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்தான். அத்தனை பேரில், அந்தப் பிறந்தநாளுக்குப் பெரம்பலூரில் ஏசி மண்டபம் பிடித்து, வாசலில் ‘பவள விழா’ என்று ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

யூனியன் ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதைவிட, மைக்கைப் பிடித்தால் சிரிக்க வைக்கிறவர் என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, படத்திறப்பு எதுவானாலும் கண்ணையன் பேச வேண்டும். படத்திறப்பில் செத்தவரின் பிள்ளைகளையே சிரிக்க வைத்த மனிதர். அவரிடம் இருந்தது ஒரே சரக்குதான் என்று சொன்னால் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். அந்தச் சரக்கு அவர் மனைவி சுந்தராம்பாள்.

அவள் வைத்த குழம்பு, அவள் விடும் குறட்டை, அவள் ஏறினால் இறங்கும் ஸ்கூட்டர் என்று வகைவகையாக வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே கரண்ட் கதை. சுந்தராம்பாள் நல்ல கறுப்பு. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் காபித் தட்டோடு வந்தாளாம். சரியாக அந்த நேரம் கரண்ட் போய்விட்டதாம். இருட்டில் பல் மட்டும் பளிச்சென்று தெரிந்ததாம், நல்ல சிவப்புப் பொண்ணு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டாராம். ஐம்பது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷமாக அவள் முன்வரிசையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரியலூரில் ஒரு காதுகுத்தில் பேசும்போது, பாதிக் கதையில் முடிவு காணாமல் போனது. கண்ணையன் இருமுவது போல நடித்துச் சமாளித்தார். தண்ணீர் கொடுக்க வந்தவள் போல மேடையேறி, காதோடு முடிவைச் சொல்லிவிட்டுப் போனவள் சுந்தராம்பாள். அதற்குப் பிறகு அது அடிக்கடி நடந்தது. டாக்டரிடம் போகலாம் என்றாள். டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அவர் போகவில்லை. தெரிந்துவிட்டால் அப்புறம் யார் மைக்கைக் கொடுப்பார்கள்? அவருக்குச் சாவதைவிட அதுதான் பயமாக இருந்தது.

ஆகவே துண்டுச் சீட்டு முறை வந்தது. மேடையில் பேசுகிறவர் கையில் சீட்டு இருந்தால் நம் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விட்டுப்போன பெயர்களை வாசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். கதையின் ஆரம்பம் கண்ணையனுக்கு மறக்காது, முடிவுதான் நழுவும். எட்டாவது வரை படித்த சுந்தராம்பாள், முடிவுகளை மட்டும் கொட்டை கொட்டையாக எழுதி, வரிசை எண் போட்டு, அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புவாள். தன்னைப் பற்றிய கேலியைத் தானே எழுதிக் கொடுக்கிறோமே என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கும் அப்படித் தோன்றியதில்லை.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் ஒன்று கேட்டாள். மகன் அறிவழகனின் பெண் பூவிழிக்கு ஆண்டிமடத்தில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள், முந்திரித் தோப்புக்காரர்கள். பிறந்தநாளுக்கு வந்த மாதிரி வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றும் நடக்காதது போல இருந்துகொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு இடத்தில் நிறத்தைச் சொல்லிக் கைகழுவியிருந்தார்கள்.

“அன்னைக்கு மட்டும் அந்தக் கரண்ட் கதை வேண்டாங்க. பூவிழி என் நெறம். அது மனசு நொந்துரும்.”

“பொறந்தநாளு எனக்கா, உனக்கா? எழுதிக் குடு,” என்றார் கண்ணையன்.

அவள் இன்னொரு தடவை கேட்டாள். அவர் அவள் குரலிலேயே இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டினார். அதில் அவர் கெட்டிக்காரர். சுந்தராம்பாள் போய்ப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுதியதை அவர் வாங்கிப் பார்க்கவில்லை. அவள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. மாலை மாற்றி, கேக் வெட்டி, பதினேழு பொன்னாடை போர்த்தி முடித்தார்கள். ஆபீஸில் அவரோடு வேலை பார்த்த குருநாதன் தலைமை தாங்கி, அரைமணி நேரம் அறுத்தார். கடைசியில் மைக் கண்ணையன் கைக்கு வந்தது.

“பல்லு செட்டு, கண்ணுல லென்சு, முட்டியில பிளேட்டு. என்னுதுன்னு சொல்லிக்க...” என்று தொடங்கி நிறுத்தி, முதல் சீட்டைப் பார்த்து, “...ஜூன் ஒண்ணாந் தேதிதான் பாக்கி. அதுவும் வாத்தியார் குடுத்தது,” என்று முடித்தார். சிரித்தார்கள். ஆனால் வழக்கமான சிரிப்பு இல்லை. பின்வரிசைப் பிள்ளைகள் போனில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். அடுத்த கதைக்கு அதைவிடக் குறைவாகச் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் ஆண்டிமடத்து இருசம்மாள், மாப்பிள்ளையின் தாய், சிரிக்கவே இல்லை. பூவிழியைத்தான் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணையனுக்குச் சூடேறியது. தன் பிறந்தநாளில் தானே தோற்பதா? “எங்க வூட்டம்மாவப் பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு,” என்று எடுத்தார். பூவிழி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தார். காபித் தட்டு வந்தது, கொலுசுச் சத்தம் வந்தது, மண்டபம் காதைத் தீட்டிக்கொண்டது. அந்த இடத்தில், ஐம்பது வருஷக் கதையின் முடிவும் போய்விட்டது.

பதறவில்லை. அடுத்த சீட்டை எடுத்து வாசித்தார்.

“கரண்ட் போச்சுன்னு இத்தன வருசம் பொய் சொல்லியிருக்கேன். அவங்க வூடு காட்டுக்குள்ள. அங்க கரண்டே கெடையாது. நான் போனது பட்டப்பகல் பதினோரு மணி. அதுக்கு முன்னாடி நாலு வூட்டுல எனக்குப் பொண்ணு இல்லைன்னுட்டாங்க. அந்த நாலு வூட்டுலயும் கரண்ட் இருந்துச்சு.”

மண்டபம் வெடித்தது. குருநாதன் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். போனில் கிடந்த தலைகள் நிமிர்ந்தன. வாசித்து முடித்த பிறகுதான் கண்ணையனுக்கு, தான் என்ன சொன்னோம் என்பது மண்டையில் ஏறியது. நாலு வீட்டுக் கதையை அவர் அவளிடம் மட்டும், கல்யாணமான புதிதில், ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார். முன்வரிசையைப் பார்த்தார். சுந்தராம்பாள் மடியில் கை வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள்.

அவள் எழுதியதை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மண்டையைத் துழாவினார். ஒன்றும் இல்லை. நானூறு முகங்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தன. சும்மா நின்றால் தெரிந்துவிடும். அடுத்த சீட்டைப் பிரித்தார்.

“இதக்கூட நான் சொல்லல. ரெண்டு வருசமா எனக்கு எந்தக் கதைக்கும் முடிவு ஞாபகம் இல்ல. என் பொண்டாட்டி எழுதிக் குடுக்கறதப் படிக்கிறேன். நேத்துப் பேத்தி பேர ரெண்டு தடவ கேட்டேன்.”

முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. அவர் குரல் உடைந்ததற்கும் சிரித்தார்கள், கண் கலங்கியதற்கும் சிரித்தார்கள். என்ன நடிப்புய்யா என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. இருசம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கடைசிச் சீட்டில் ‘நன்றி, வணக்கம்’ என்று மட்டும் இருந்தது. அதையும் வாசித்தார்.

பந்தியில் ஆள் மாற்றி ஆள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இந்த வயதில் என்ன ஞாபக சக்தி என்று வியந்தார்கள். தன்னைத்தானே கேலி செய்துகொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்ற இருசம்மாள், பெண்ணைத் தன் பக்கத்து இலையில் உட்கார வைத்துக்கொண்டாள். சாப்பிட்டு எழுந்ததும் பேத்தி சிரித்த முகத்தோடு ஓடிவந்து, தன் பெயரை மறந்தது போல அவர் நடித்தது பிரமாதம் என்றாள். கண்ணையன் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த நிமிஷமும் அவருக்கு அவள் பெயர் வரவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தார்.

குருநாதன் வெற்றிலை வாயோடு வந்தார். அடுத்த மாதம் அரியலூரில் அவர் மகளுக்குக் கல்யாணம், கண்ணையன் பேசியே ஆக வேண்டும், இதே மாதிரி பேச வேண்டும். தொண்டை சரியில்லை, இனி மேடை வேண்டாம் என்று கண்ணையன் இழுத்தார்.

“வருவாருங்க,” என்றாள் சுந்தராம்பாள். “நான் எழுதிக் குடுத்துடறேன்.”

சுற்றி நின்றவர்கள் மறுபடியும் சிரித்தார்கள்.

மணமகள் அறையில் அவள் பொன்னாடைகளை மடித்துக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

“ஏன்டி இப்படிப் பண்ணுன?”

“அம்பது வருசமா எல்லாரும் சிரிச்சாங்க. இன்னைக்கித்தாங்க நானும் சிரிச்சேன்,” என்றாள். அவளிடம் கோபம் எதுவும் தெரியவில்லை. கோபம் இருந்தாலாவது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மேடை இல்லாமல் இருக்க முடியாது, அவள் இல்லாமல் மேடை இல்லை. இரண்டும் அவளுக்குத் தெரியும் என்று இப்போது அவருக்கும் தெரிந்துவிட்டது. இனிமேல் எழுதுகிற சீட்டையெல்லாம் மேடை ஏறுவதற்கு முன்னால் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று, ஆபீஸில் கீழ் ஆட்களிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

மாத்திரை போடச் சொல்வது போன்ற தணிந்த குரலில் அவள் பதில் சொன்னாள்.

“காட்டறேங்க. மேடை ஏறுறதுக்குள்ள மறந்துருவீங்க.”

அதற்கு நறுக்கென்று ஒரு பதில் அவரிடம் இருந்தது. வாயைத் திறப்பதற்குள் அது போய்விட்டது.