கடைசித் துணைக்கேள்வி

கணவர் இறந்து மூன்றாவது வாரம் குடிநீர் அமைச்சர் அவள் வீட்டுக்கு வந்தார். காவலரை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே நுழைந்தார்.

பதினோரு வருடம் சட்டமன்றத்தில் அவரும் அவள் கணவரும் எதிரெதிர் வரிசை. அவள் கணவர் கேட்பார், இவர் பதில் சொல்வார். துருப்பிடித்த குழாய் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய் இவருடைய மேசைமேல் வைத்த நாளிலிருந்து, ஊரில் அவருக்குக் 'குழாய் எம்.எல்.ஏ.' என்றே பெயர். அன்று சபைக் காவலர்கள் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே விட்டார்கள். மூன்றே மாதத்தில் அந்தக் குழாய் இருந்த தெருவுக்குப் புதுக் குழாய் வந்தது.

"நாளைக்கு இரங்கல் தீர்மானம், அண்ணி. நான் பேசணும்" என்றார் அமைச்சர். "ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. பிறந்த வருஷம், ஜெயிச்ச தேர்தல் எல்லாம் இருக்கு. அண்ணனைத்தான் காணோம்."

"வீட்டுலயே அவரைக் காண முடியாது தம்பி. பேப்பர்லயா இருக்கப்போறார்?"

சொல்லிச் சிரித்த பிறகுதான், இத்தனை நாளில் இன்றைக்குத்தான் சிரித்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"சபை நடக்கிற நாளெல்லாம் காலைல இந்தச் சாப்பாட்டு மேசையிலதான் ஒத்திகை" என்றாள். "அவர் கேள்வி கேப்பார். நான்தான் நீங்க."

"நானா?"

"ஆமா. காய் நறுக்கிக்கிட்டே சொல்லுவேன். 'பரிசீலனையில் உள்ளது', 'ஆவன செய்யப்படும்'னு. அப்படியே உங்க இழுவையோட. சில நாள் என் பதிலுக்கே கோவம் வந்து சாப்பிடாமப் போயிடுவார்."

அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப கேள்வி நேரமே உப்புச்சப்பில்லாம இருக்கு அண்ணி. நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுறாங்க. பதிலைக் கேட்டதும் துணைக்கேள்வின்னு எழுந்திருப்பாரே, அந்தப் பயத்துலதான் நான் ஃபைலையே படிச்சேன். இப்பவும் பதில் சொல்லி முடிச்சதும் கண்ணு அவர் இடத்துக்குப் போகுது."

அவளுக்கும் விடியும்போதே விழிப்பு வந்துவிடுகிறது. பதில் நாக்கு நுனியில் நிற்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

உள்ளே போய், கடைசி நாட்களில் மருத்துவமனையில் கணவர் வைத்திருந்த நோட்டை எடுத்து வந்தாள். கோணல்மாணலான எழுத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. கல்லுடைப்பவர் குடியிருப்பில் தொட்டி கட்டியாகிவிட்டது, குழாயும் பதித்தாகிவிட்டது, தண்ணீர் ஏன் வரவில்லை?

"இதுக்கு மட்டும் ஒத்திகை பார்க்கல. இப்ப பார்ப்போமா? நீங்க நீங்களாவே இருங்க. நான் அவர்."

அவள் எழுந்து நின்று படித்தாள். அமைச்சர் தன்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மின் இணைப்பு தொடர்பாகப் பரிசீலனையில்..."

"எத்தனை நாளா?"

"ரெண்டு..."

"ரெண்டு நாளா, ரெண்டு மாசமா, ரெண்டு வருஷமா, மாண்புமிகு அமைச்சரே?"

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கணவருடைய பேச்சு தன் வாயில் வந்த அந்த ஒரு நொடி, அவர் பக்கத்தில் நின்றது போலிருந்தது. அடுத்த நொடி இல்லை.

மறுநாள் தொலைக்காட்சியில் பார்த்தாள். அமைச்சர் இரண்டு வரி படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"இதுக்குள்ள அவர் நாலு தடவை குறுக்கே எழுந்திருப்பார்" என்று எதிர் வரிசையைப் பார்த்தார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. பிறகு நோட்டிலிருந்த கேள்வியை மனப்பாடமாகச் சொன்னார். "இது உறுப்பினரின் கடைசித் துணைக்கேள்வி. ரெண்டு வருஷமா என்கிட்ட பதில் இல்லை. நாற்பது நாள்ல பதிலைத் தண்ணியாவே கொண்டுவர்றேன்."

நாற்பது நாளில் வரவில்லை. ஐம்பத்திரண்டாம் நாள் வந்தது. குடியிருப்பிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, குழாயடியில் குடம் நிறையும் சத்தத்தைக் கேட்க வைத்தாள்.

சற்று நேரத்தில் அமைச்சரும் அழைத்தார்.

"தண்ணி வந்துடுச்சு அண்ணி."

"கேட்டேன் தம்பி."

"நோட்டுல வேற கேள்வி ஏதாவது...?"

"இல்லப்பா. அவ்வளவுதான் எழுதியிருந்தார்."

"சரி அண்ணி" என்றார் அவர். ஆனாலும் தொலைபேசியை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.