ஆளில்லாத இடத்துக்கு மிகத் திருப்தி

எங்கள் நகராட்சிக்கு ஒரு நூலகம், ஒரு அருங்காட்சியகம், ஒரு நாடக அரங்கம். மூன்றையும் இரவு எட்டு வரை திறந்து வைக்க ஆள் போதவில்லை. பொதுமக்களிடம் திருப்திப் படிவம் கொடுப்பது, எங்கே திருப்தி குறைவோ அதை ஐந்து மணிக்கே பூட்டுவது என்று ஆணையர் முடிவெடுத்தார். எதற்காகக் கேட்கிறோம் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடக் கூடாதாம். கணக்கெடுக்கும் வேலை புள்ளிவிவரப் பிரிவுக்கு வந்தது. பிரிவு என்றால் நான்தான். எனக்கு மேலேயும் யாருமில்லை, கீழேயும் யாருமில்லை.

நூலகர் என் அண்ணி. அங்கே கூட்டமே ஐந்து மணிக்கு மேல்தான். தையல்கடைக்காரர், பஸ் கண்டக்டர், தேர்வுக்குப் படிக்கும் நர்ஸ் எல்லாம் வேலை முடிந்து வருகிறவர்கள். ஐந்துக்குப் பூட்டினால் அவர்களுக்கு நூலகம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது அண்ணி ஒரே உற்சாகம்.

"இத்தனை வருஷத்துல இப்பதான் எங்களக் கேட்டிருக்காங்க. என்னென்ன குறையோ ஒண்ணு விடாம எழுதுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நல்லாருக்குன்னு எழுதினா புது ஃபேன் வருமா தம்பி?"

எதற்காகக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தட்டைவிட்டுத் தலை நிமிராமல் சாப்பிட்டேன். அலுவலக ரகசியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

அடுத்த வாரம் அருங்காட்சியகக் காப்பாளர், டீ நேரம் பார்த்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நாற்பது வெற்றுப் படிவம்.

"சார், மருந்துக்குக்கூட ஒருத்தரும் வரல. ஆளுக்கு ரெண்டு போட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

எங்கள் அலுவலகத்தில் யார் எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது பழக்கம். நானும் இரண்டு எடுத்தேன். அருங்காட்சியகத்துக்கு நான் கடைசியாகப் போனது ஏழாம் வகுப்பில். குறை சொல்ல ஒன்றும் நினைவில்லை, அதனால் இரண்டிலும் 'மிகத் திருப்தி' என்று எழுதிக் கொடுத்தேன். பிஸ்கட் நன்றாக இருந்தது.

நூலகத்திலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு படிவம் வந்தது. ஃபேன் கடகடக்கிறது, மூன்றாவது நாற்காலிக்குக் கால் ஆடுகிறது, குறுக்கெழுத்தை யாரோ காலையிலேயே நிரப்பிவிடுகிறார்கள். தையல்கடைக்காரர் தாளின் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார். கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு அருங்காட்சியகம் தொண்ணூற்றாறு, அரங்கம் எழுபத்தொன்று, நூலகம் முப்பத்தெட்டு.

திருப்தி குறைவு என்று நூலகத்தை ஐந்துக்குப் பூட்டச் சொல்லி உத்தரவு போன அன்று சாயங்காலம் அண்ணி என் மேசைக்கு வந்தார். படிவங்களைக் கேட்டு வாங்கி, நின்றபடியே புரட்டினார்.

"நான் சொல்லித்தான் இப்படி எழுதினாங்க." அப்புறம், "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அருங்காட்சியகக் கட்டை எடுத்தார். என் எழுத்தை நூலகப் பதிவேட்டில் இருபது வருடமாகப் பார்த்தவர். தேடவே இல்லை, இரண்டு தாளை உருவி என் முன்னால் வைத்தார்.

"எப்ப போன?"

"ஏழாங்கிளாஸ்ல."

"நூலகக் கட்டுல உன்னது எது?"

"எழுதல அண்ணி. கணக்கெடுக்கறவன் எழுதினா முறையில்லன்னு..."

அண்ணி அந்த இரண்டு தாளையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"அஞ்சு ஆகப் போகுது. பூட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னல் வழியாக நூலக வாசல் தெரியும். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார் போலிருக்கிறது, தையல்கடைக்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஆணையருக்கு எழுத ஆரம்பித்தேன்: "அருங்காட்சியகப் படிவங்கள் நாற்பதும் இந்த அலுவலகத்தில் நாங்களே எழுதியவை. அவற்றில் இரண்டு என்னுடையவை."