புளியங்குடிக்கு அப்பால்

சனிக்கிழமை சாயங்காலம் பீர் மைதீனின் பெயர் கைபேசியில் ஒளிர்ந்தபோது வேல்சாமி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நான்கு வருடங்களாக அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததில்லை. அவர் அதை அழிக்கவும் இல்லை. மணி அடித்து ஓயும் தறுவாயில் எடுத்தார்.

“நாளைக்கு சைக்கிள்ல போவமாவே?” என்றது அந்தப் பக்கம். வேறு எந்த விசாரிப்பும் இல்லை.

வேல்சாமி மூடியை விட்டு நிமிர்ந்தார். கயிற்றின் நுனி இன்னும் கையில் இருந்தது. “டயர்ல காத்து நிக்குதான்னு பாக்கணும்” என்றார்.

காற்று நிற்கவில்லை. கார் ஷெட்டில் பழைய சாக்குக்குக் கீழே கிடந்த சைக்கிளை வெளியே எடுத்து, தூசி துடைத்து, இரண்டு டியூபையும் புதிதாக மாட்டி முடிக்கையில் இருட்டிவிட்டது. மனைவி சுந்தரம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். யார் கூப்பிட்டது என்று அவள் கேட்கவில்லை. கேட்காததிலிருந்து, அவளுக்கு முன்பே தெரியும் என்று வேல்சாமி எடுத்துக்கொண்டார்.

மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர் அவர். பீர் மைதீன் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தார். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு சர்க்கரை டாக்டரின் வரவேற்பறையில், ஒரே பெஞ்சில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தபோது பழக்கமானார்கள். நடக்கச் சொன்னார் டாக்டர். நடப்பது இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. திருநெல்வேலிக்குப் போய் ஒரே கடையில் ஒரே மாதிரி கியர் சைக்கிள் இரண்டு வாங்கி வந்தார்கள். அதன் பிறகு ஐந்து வருடம், மழை பெய்தாலொழிய, ஞாயிற்றுக்கிழமை தோறும் பீர் மைதீன் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் கிளம்பிவிடுவார்கள். வேகமாகப் போவது அவர்கள் நோக்கமாக இருந்ததில்லை. பால்காரர்களும் ஆடு ஓட்டிப் போகிறவர்களும்கூட அவர்களைத் தாண்டிப் போவார்கள். ஒவ்வொரு குளத்திலும் இறங்கி நிற்பார்கள். பீர் மைதீன் வழியெல்லாம் பேசுவார். வேல்சாமி கேட்டுக்கொண்டு வருவார். புளியங்குடியில் ஒரு டீ. அதோடு திரும்பிவிடுவார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, வேல்சாமியின் மகள் ராஜேஸ்வரியும் பீர் மைதீனின் மகன் ஷேக் ஃபரீதும் தென்காசியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். வேல்சாமிக்குச் செய்தி வாட்ஸப்பில் வந்தது. அவர் சத்தம் போடவில்லை. மகளை அடிக்கவோ தேடிப் போகவோ இல்லை. சொந்தக்காரர்கள் நான்கைந்து பேர் வந்து கொதித்தபோதும், “அவ மேஜர்லா” என்று மட்டும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் கார் ஷெட்டில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினார்.

விடிந்தபோது பீர் மைதீன் புளியங்குடி சாலை பிரியும் விலக்கில் நின்றிருந்தார். தாடி முழுதாக வெளுத்துவிட்டிருந்தது. சைக்கிள் புதிது. “வாரும்” என்றார். “ம்” என்றார் வேல்சாமி. அவ்வளவுதான். மேற்கே பார்த்து மிதித்தார்கள்.

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. கார்த்திகையில் பெய்த மழையின் தண்ணீர் குளங்களில் இன்னும் கிடந்தது. சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் காய்ந்த தட்டையாக நின்றது. எதிரே, நேர் எதிரே, மலை. முதுகில் வெயில் ஏற ஏற அதன் நிறம் சாம்பலிலிருந்து நீலத்துக்கும், நீலத்திலிருந்து அழுக்குப் பச்சைக்கும் மாறியது. வேல்சாமிக்குத் தூரத்தைக் கம்பத்தை வைத்து அளந்துதான் பழக்கம். எந்தக் கம்பத்தைத் தாங்கும் இழுவைக் கம்பி தளர்ந்திருக்கிறது, எந்த டிரான்ஸ்பார்மரில் மைனா கூடு கட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இப்போது சில கம்பங்களை மாற்றியிருந்தார்கள். பழைய இரும்புக் கம்பங்கள் போய் சிமெண்டுக் கம்பங்கள் வந்திருந்தன. பணியில் இருந்திருந்தால் தன் கையால் நட்டிருக்க வேண்டியவை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. எண்ணிக்கொண்டே வந்தார்.

பீர் மைதீன் பேசவில்லை. அதுதான் விநோதமாக இருந்தது. முதல் குளத்தில் இறங்கி நின்றபோது, “கூழைக்கடா வந்திருக்கு” என்றார். வேல்சாமி பார்த்தார். தண்ணீருக்கு நடுவே கருவேல மரத்தின் மொட்டைக் கிளைகளில் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. “போன வருசம் இதுல தண்ணியே இல்ல” என்றார் பீர் மைதீன். போன வருடம் அவர் தனியாக வந்திருக்கிறார் என்று வேல்சாமி புரிந்துகொண்டார். தனியாக ஒரு மனிதன் குளக்கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சொல்ல ஆளில்லாமல் நிற்பது மனதில் வந்தது. அதைத் தள்ளிவிட்டு ஏறி மிதித்தார்.

புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட்டுக்கு எதிரே வழக்கமான கடையில் டீ குடித்தார்கள். மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன, தெரு முழுக்க அந்தப் புளிப்பு வாடை. சர்க்கரை இல்லாமல் இரண்டு என்று கடைக்காரரிடம் சொல்லத் தேவையிருக்கவில்லை. குடித்து முடித்ததும் வேல்சாமி சைக்கிளைக் கிழக்கே திருப்பினார். பீர் மைதீனின் சைக்கிள் வடக்கே பார்த்து நின்றது.

“இன்னுங் கொஞ்ச தூரம் போயிட்டு வருவோமே. வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளமெல்லாம் ரொம்பிக் கெடக்குதாம்.”

ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட அவர்கள் புளியங்குடியைத் தாண்டியதில்லை. பாதையைத் தீர்மானிப்பதும் எப்போதும் வேல்சாமிதான். வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஷேக் ஃபரீத் மரக்கன்று விற்கும் பண்ணை வைத்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். சுந்தரம்மாள் மத்தியானத்தில் கைபேசியோடு புறவாசலுக்குப் போய் மகளிடம் தாழ்ந்த குரலில் பேசுவதும், இவர் செருமினால் ‘சரி, வைக்கேன்’ என்று முடிப்பதும் வாரம் இரண்டு நாள் நடப்பது. நான்கு வருடமாகத் தெரியாத மாதிரி இருந்துகொண்டு எல்லாம் தெரிந்துவைத்திருந்தார். கொய்யாக் கன்று நன்றாகப் போகிறது, பன்றி வந்து வேலியை முட்டியது, ராஜேஸ்வரிக்குத் தலைமுடி கொட்டுகிறது.

திரும்பிப் போய்விடலாம். ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை, பெடலை மிதித்தால் போதும். பெடலில் வைத்த காலை எடுத்து மறுபடியும் தரையில் ஊன்றினார். “குளம் பாத்துட்டுத் திரும்பிருவோம்” என்றார்.

வடக்கே போகும் சாலையில் மலை இடது கைப் பக்கமாக வந்துவிட்டது. லாரிகள் அதிகம். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பீர் மைதீன் முன்னால். பின்னாலிருந்து பார்க்கையில் அவர் தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது; தையல் மெஷினில் நாற்பது வருடம் குனிந்ததின் சரிவு. ஓரிடத்தில் இடது பக்கம் கைகாட்டி மண்பாதையில் இறங்கினார். கொஞ்ச தூரத்தில் பாதை பெரிய குளம் ஒன்றின் கரையில் ஏறியது. பனைகள், அப்பால் நெல்வயல், அதற்கும் அப்பால் காடு தொடங்கும் இடம். தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. இரண்டு தாழைக்கோழிகள் தாமரை இலைகளின் மேல் நடந்துபோயின.

கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு பீர் மைதீன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “புதன்கெழமை ரெண்டு பேரும் கெளம்புதாவ. நியூசிலாந்து. பழத்தோட்டத்துல அவனுக்கு வேல கெடச்சிருக்கு. பண்ணைய கைமாத்தி விட்டாச்சு” என்றார். தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னார்.

சுந்தரம்மாள் ஏன் இரண்டு வாரமாகப் புறவாசலிலிருந்து சிவந்த கண்ணோடு வந்தாள் என்பது விளங்கியது. வேல்சாமி கரையின் கல்லில் உட்கார்ந்தார். மகளைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தார். வாயில் வந்தது வேறு.

“அதுக கல்யாணத்துக்கு முந்துன ஞாயித்துக்கெழம நாம ஒண்ணாத்தான் வந்தோம். கடசியா. அன்னைக்கு ஒமக்குத் தெரியுமாவே?”

பீர் மைதீன் கைக்குட்டையை மடித்தார். நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“தெரியும்.”

“எத்தன நாளா?”

“மூணு வாரமா. ஃபரீத் எங்கிட்ட சொல்லிட்டான்.”

மூன்று வாரம் என்றால் மூன்று ஞாயிறு. மூன்று முறை புளியங்குடிக்குப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். வழியெல்லாம் பீர் மைதீன் பேசியிருக்கிறார். ஒரு முறை, கடையில் ஒரு பையனுக்கு இரண்டு வலது காலோடு பேண்ட் தைத்துக் கொடுத்த கதையைச் சொல்லி, சிரிப்புத் தாளாமல் இருவரும் இறங்கி நிற்க வேண்டியதாகிவிட்டது. தெரிந்தேதான் சிரித்திருப்பார் என்று, அந்தச் சிரிப்பைத்தான் வேல்சாமி நான்கு வருடம் மன்னிக்காமல் வைத்திருந்தார். மகள் போனதைக்கூட ஒரு மாதிரி விழுங்கியாயிற்று. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும்.

“சொன்னா நீரு தடுத்திருப்பீரு” என்றார் பீர் மைதீன். “தடுத்தா அதுக ரெண்டும் எதையாவது செஞ்சிருமோன்னு பயம். அப்படித்தான் எல்லாத்துட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.” நிறுத்தினார். குரல் தணிந்தது. “நெசம் அது மட்டும் இல்ல. சொல்லிட்டா மறு ஞாயிறு நீரு வரமாட்டீரு. இந்த வாரம் போவட்டும், அடுத்த வாரம் சொல்லுவோம்னு தள்ளிக்கிட்டே வந்துட்டேன்.”

வேல்சாமிக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் நிற்கவும் செய்தது. எங்கே வைப்பதென்று தெரியாத பொருளைப்போலக் கையில் இருந்தது. நான்கு வருடமாக அவர் கற்பனை செய்து வைத்திருந்த காரணங்களில் இது இல்லை. தன்னைக் கேலி செய்தான், முட்டாளாக்கினான், சமயம் பார்த்து ஏமாற்றினான் என்றுதான் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு மனிதன் உண்மையை மறைப்பான் என்று தோன்றியதில்லை.

“நீரு செஞ்சது தப்புவே” என்றார் கடைசியாக.

“தப்புதான்.”

குளத்தில் ஏதோ மீன் துள்ளி விழுந்தது. வேல்சாமி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “பண்ணைக்கு எந்தப் பாத?” என்று கேட்டார்.

“கர முடியுத எடத்துல வலப்பக்கம் ஒரு பாத பிரியும். நேரா மேக்க. வனத்துறை போர்டுக்கு முந்தி. நானும் வரட்டா?”

“நீரு இங்கனயே இரும்.”

தனியாக மிதித்தார். பாதை மெல்ல ஏற்றமாயிற்று. ஐந்து வருடப் பழக்கம் காலில் மிச்சமில்லை, மூச்சு வாங்கியது. தென்னந்தோப்பு முடிந்து மாந்தோப்பு வந்தது. சோலார் வேலியின் மெல்லிய கம்பிகள் பாதையோடு கூடவே ஓடின. யாரோ கம்பங்களை ஒழுங்காக, ஒரே இடைவெளியில் நட்டு, இன்சுலேட்டரை நேராக மாட்டியிருந்தார்கள். நல்ல வேலை என்று நினைத்தார். யானையும் பன்றியும் நடமாடும் பகுதி என்ற பலகை தூரத்தில் தெரிந்தபோது, இந்தப் பக்கம் பச்சை வலைக்கூரை போட்ட பண்ணையின் கம்பிக் கதவு வந்தது. இறங்கினார்.

உள்ளே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் கன்றுகள். பாதி வரிசை காலியாக இருந்தது. பைகள் நின்ற இடத்தில் ஈர வட்டங்கள் மட்டும். ராஜேஸ்வரி முதுகைக் காட்டிக்கொண்டு ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஆண்கள் சட்டை ஒன்றை நைட்டிக்கு மேல் போட்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கூப்பிட வேண்டும். அம்மா என்று கூப்பிடுவதா, ராஜி என்றா என்பது பிடிபடவில்லை. கதவைத் திறக்காமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் அடுத்த வரிசைக்குத் திரும்பினாள். பார்த்தாள்.

பைப் பிடித்த கை மெதுவாகத் தாழ்ந்து நின்றுவிட்டது. தண்ணீர் கன்றுகளை விட்டுவிட்டுத் தரையில் விழுந்தது. காலி வரிசையின் வட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பி, வழிந்து, சருகுகளைத் தள்ளிக்கொண்டு கதவின் அடியில் நுழைந்து, செம்மண்ணைக் கரைத்தபடி அவருடைய முன்சக்கரத்தைச் சுற்றித் தேங்கத் தொடங்கியது.