எந்தப் பேருக்கும் வரும்

எங்கள் கம்பெனிக்கு மெயில் போட ஆள் பேர் சரியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. '@' என்கிற அட் குறிக்குப் பின்னால் கம்பெனிப் பேர் இருந்தால் போதும். முன்னால் எந்தப் பேரைப் போட்டாலும் வந்து சேரும். கொத்தமல்லியும் மிளகாய் வத்தலும் சலித்து மூட்டை பிடித்து அனுப்புகிற பாளையம்பட்டிக் கம்பெனி அது. என் மேஜைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். வருகிற மெயிலையெல்லாம் அது வாங்கி என் திரையில் கொட்டும். யாருக்கு என்று பார்த்துக் கூப்பிட்டுச் சொல்வது என் வேலை.

ஊர்க்காரர்கள் இதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். முன்பு கடுதாசிக்கு 'மேல்பார்வை, இன்னார் கடை' என்று விலாசம் கொடுத்தது போலவே மெயிலுக்கும் எங்கள் கம்பெனியைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் மல்லி புடைக்கிற தங்கமாரி தன் மகளின் நர்சிங் விண்ணப்பத்தில் தன் பேரையும் கம்பெனிப் பேரையும் சேர்த்துப் போட்டிருந்தாள். லாரி டிரைவரின் இன்சூரன்ஸ், டீக்கடைக்காரரின் கேஸ் புக்கிங், எல்லாம் என் தலையில். "எக்கா, எனக்கு ஏதும் வந்துருக்கா?" என்று யாராவது எட்டிப் பார்க்காத நாள் கிடையாது. "இது என்ன ஒங்க வீட்டுத் தபாலாபீஸா?" என்று எரிந்து விழுவேன். அவர்கள் சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால், அவர்கள் வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

ஏனென்றால் பாலவனத்தத்தில் என் வீட்டில் பேச ஆள் இல்லை. கல்யாணம் தட்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கேட்பதையே எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அம்மா போன பிறகு தம்பி நாகராஜ் இருந்தான். அவனும் காட்டு நிலப் பங்கில் சித்தப்பாவோடு சண்டை போட்டு, இந்த ஊர் மண்ணை இனி மிதிக்க மாட்டேன், வெளிநாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். பிடிவாதத்தில் நாங்கள் ரெண்டு பேரும் ஒரே அச்சு. பஸ் ஸ்டாண்டு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"போ, போ. நாளைக்கு நான் செத்தா ஒரு மொட்ட போடக்கூட நாதியில்லாமப் போகட்டும்."

"வாய மூடுக்கா," என்றான்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலோடு கூடவே நடந்தேன். "போனு நம்பரு தர மாட்ட, சரி. மெயிலாச்சும் போடுலே. கம்பெனி பேரு தெரியும்ல? முன்னால என்ன பேரு போட்டாலும் எனக்கு வந்துரும்."

போட்டான். வருஷத்துக்கு ஒன்று, அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் அன்றைக்கு. ஒவ்வொரு தடவையும் வேறு யாருடைய மெயிலிலிருந்தாவது வரும். கூட வேலை பார்ப்பவன், சூப்பர்வைசர், பக்கத்து அறைக்காரன். "எக்கா, நல்லாருக்கியா. நான் இருக்கேன். இதுக்குப் பதில் போடாத, இது என் மெயிலு இல்ல. பதில் போட்டா நீ வரச் சொல்லுவ. சொன்னா நான் வந்துருவேன்." அவ்வளவுதான். அவன் சொன்னதைக் கேட்காமல் முதல் வருஷம் பதில் போட்டேன். நாகராஜ் வேறு சைட்டுக்குப் போய்விட்டார் என்று யாரோ ஒருவர் எழுதினார். பிறகு நான் போடவில்லை. எப்படி இருக்கிறாய் என்று என்னைக் கேட்டு உலகத்தில் எனக்கு வருகிற ஒரே மெயில் அது. அதை வைத்து ஒரு வருஷத்தை ஓட்டிவிடுவேன்.

இந்தத் தை மாசம் அந்தப் பெட்டி நின்று நின்று ஓட ஆரம்பித்தது. முதலாளி சௌந்தரபாண்டியன் மதுரையிலிருந்து நவநீதகிருஷ்ணன் என்பவரை வரவழைத்தார். இனி மெயிலெல்லாம் வெளியே ஒரு பெரிய நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம், பெட்டியே வேண்டாம் என்றார் அவர். விலாசத்துக்கு இவ்வளவு என்று மாசாமாசம் கட்ட வேண்டுமாம்.

"எத்தன விலாசம் சார் வேணும்?"

முதலாளி விரலை மடக்கினார். "எனக்கு ஒண்ணு. பெறகு ஆபீஸு, கணக்கு, விற்பனை, கிட்டங்கி. ஆளு பேரெல்லாம் போட வேணாம். ஆளு மாறும், உக்கார்ற சீட்டு மாறாது."

"மொதலாளி, ஊர்க்காரவுக பேருக்கெல்லாம் வருதே?" என்றேன்.

"அவுகள ஆளுக்கு ஒண்ணு சொந்தமாத் தொறந்துக்கிறச் சொல்லும்மா. போன்லயே ஓசியில தொறக்கலாம்."

அதுவும் நியாயம்தான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். தங்கமாரி மகளின் விண்ணப்பத்தை நானே கூட உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். ஒருத்தரையும் விடவில்லை, என்னைத் தவிர. எனக்குத்தான் ஆபீஸ் விலாசம் இருக்கிறதே, எனக்கு வருவது எனக்கு வரும் என்று இருந்துவிட்டேன். நாகராஜ் முன்னால் என்ன பேர் போடுகிறான் என்று நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. வந்ததே பெரிசு என்று இருப்பவளுக்கு அதையெல்லாம் பார்க்கத் தோன்றுமா?

நவநீதகிருஷ்ணன் பழைய மெயில்களையும் புதிய இடத்தில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி பழைய இரும்புக்குப் போனது. யாரும் பேசுவதில்லை என்று லேண்ட்லைன் போனையும் முதலாளி அதோடு எடுத்துவிட்டார். ஆபீஸ் அமைதியாகிவிட்டது. எனக்கு ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்க யாரும் வரவில்லை. தங்கமாரிகூடச் சாப்பாட்டு நேரத்தில் தன் போனைத்தான் தடவிக்கொண்டிருந்தாள். நான் டப்பாவைத் திறந்து, சுவரைப் பார்த்தபடி தின்று மூடி வைத்தேன்.

பங்குனிப் பொங்கல் அன்று ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மல்லி விலை கேட்டுத் தூத்துக்குடியிலிருந்து ஒரு மெயில் வந்தது. வேறு வரவில்லை. பால் பொங்கியதைப் பார்க்கவில்லை, அடுப்பு அணைந்துதான் பார்த்தேன். மறுநாளும் வரவில்லை, அந்த வாரமே வரவில்லை. எந்த நாட்டில் கட்டடம் இடிந்தாலும், எங்கே தீப்பிடித்தாலும் செத்தவர்களின் பேரைத் தேடினேன். அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மனசு முடிவு கட்டிவிட்டது. வேறு வழி தெரியாமல் சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஏதும் ஆச்சுன்னா யாராச்சும் தாக்கல் சொல்லுவாக," என்றார் சித்தப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தச் சமயம் என் கையில் ஏதாவது இருந்திருந்தால் டிவி மிஞ்சியிருக்காது.

கடைசியில் நவநீதகிருஷ்ணனுக்குப் போன் போட்டேன். குப்பை மெயில்களில் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அதிலும் இல்லை. "போன வருசம் எந்த விலாசத்துக்குப் போட்டாரு மேடம்? பழசத் தொறந்து, யாருக்குன்னு இருக்குற எடத்தப் பாருங்க," என்றார்.

பார்த்தேன். 'கனகு' என்று இருந்தது. கனகலட்சுமியான என்னைக் கனகு என்று கூப்பிட்டவள் அம்மா ஒருத்திதான். நேரில் நின்று கூப்பிட்டால் அடி விழும் என்று நாகராஜ் ஒளிந்து நின்று கூப்பிடுவான். இத்தனை வருஷமும் அந்தப் பேரில்தான் போட்டிருக்கிறான்.

"அந்தப் பேருல விலாசமே இல்லீங்களே மேடம். பழைய பெட்டியில எந்தப் பேருன்னாலும் வாங்கிக்கிற மாதிரி வச்சிருந்தாங்க. புதுசுல அப்படி வைக்கல. இல்லாத பேருக்கு வந்தா அனுப்புனவுகளுக்கே திருப்பிரும்."

"என்ன சொல்லித் திருப்பும்?"

"அப்படி ஒரு ஆளு இங்க இல்லன்னு."

அவர் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மூணு வந்துருக்கு மேடம், ஒரே ஆளுகிட்டருந்து. பொங்கல் அன்னிக்குக் காலையில கனகு. மத்தியானம் கனகலட்சுமி. மறுநாளு, அக்கான்னு போட்டு அனுப்பியிருக்காரு. மூணுமே திரும்பிருச்சு."

உள்ளே என்ன எழுதியிருந்தான் என்று கேட்டேன். அது தங்காது, யார் யாருக்குப் போட்டார் என்பது மட்டும்தான் பதிவாகும் என்றார். என் தம்பி என்னை மூன்று பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். மூன்றுக்கும் அவள் இல்லை என்று பதில் போயிருக்கிறது. போனைக் காதில் வைத்தபடியே அழுதேன். பாவம், அந்த மனுஷன் போனை வைக்கவில்லை.

"அந்த மூணு பேரையும் சேக்க எம்புட்டு ஆகும்?" என்றேன்.

"காசு கெடையாது மேடம். ஆபீஸ் விலாசத்துக்கே கூடுதல் பேராப் போட்டுக்கலாம். ஒரு நிமிச வேலதான். அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா..."

"அன்னிக்குத் தெரியலய்யா."

அவர் அப்போதே மூன்றையும் சேர்த்தார். நாகராஜ் இந்த முறை யாருடைய மெயிலிலிருந்து அனுப்பினானோ அந்த விலாசத்தை வாங்கிக்கொண்டேன். முன்பின் தெரியாத ஆளுக்கு, கனகு என்ற பேரிலிருந்தே எழுதினேன். 'நாகராஜிடம் சொல்லுங்கள், அவன் அக்கா இருக்கிறாள்.' அதற்கு மேல் கை ஓடவில்லை.

அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வீடு திரும்புகிற விருதுநகர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கனகுக்கு வந்திருந்தது.

"எக்கா, நீ இருக்கியா. அப்படி ஒரு ஆளு இல்லன்னு வந்துச்சுக்கா. ஆபீஸு போனும் போகல. எந்தப் பேரு போட்டாலும் வரும்னு நீதான சொன்ன. மூணு பேரு போட்டும் போகலன்ன ஒடனே நீ இல்லன்னு நெனச்சிட்டேன். நான் மொட்ட போட்டுட்டேன்க்கா."

கூட ஒரு படமும் அனுப்பியிருந்தான். அடுக்குக் கட்டில் போட்ட அறை. நாகராஜ் தலையில் முடி முளைத்தும் முளைக்காமலும் இருந்தது. காது ரெண்டும் பெரிதாகத் தெரிந்தன. பின்னால் ஒரு ஸ்டூலில் தண்ணீர் டம்ளரும், தட்டு நிறையச் சோறும். எனக்கு வைத்துக் கும்பிட்டிருக்கிறான்.

பஸ்ஸில் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நான் செத்தால் வீட்டுக் கதவை உடைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள் என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். அதற்கு முன்பே எனக்காக ஒருத்தன் மொட்டை போட்டுக்கொண்டு சோறு வைத்துவிட்டான்.

மறுபடியும் மேலிருந்து படித்தேன். வழக்கமாகக் கடைசியில் இருக்கிற வரியைத் தேடினேன். பதில் போடாத என்று இந்தத் தடவை அவன் எழுதவில்லை.

நான் பதில் போட்டேன். 'வாலே' என்று மட்டும்.