ஒரு நெசவாளியின் கடிதம்

10 மார்ச் 1916, வெள்ளி.

நேற்றைய நாட்குறிப்பில் ரூபனுக்குப் போரில் வலது கால் போய்விட்டது என்று எழுதியது தவறு. கேள்விப்பட்டதைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். போனது இடது கால், முழங்காலுக்குக் கீழே. எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு ஐந்து ஆண்டுகள் அவர் கோல் அடித்தது அந்தக் காலால்தான்.

இன்று ஆலை விட்டதும் மருத்துவமனைக்குப் போனேன். ரூபன் படைக்குப் போகும்வரை எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்தவர். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"வாய்யா ராப்பள்ளிப் பண்டிதரே! அம்மா உருளைக்கிழங்கு கேக் குடுத்துவிட்டாங்களா, இல்ல வழியிலயே முழுங்கிட்டியா?"

"பாதிதான் அண்ணே."

சிரித்தார். பிறகு தலையணைக்கடியிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்தார்.

அது நான் எழுதியது. 1914 நவம்பரில், ஆலை விட்டபின் போகும் மாலை வகுப்பில், பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் பயிற்சி. மதிப்பெண்ணுக்கு ஆசைப்பட்டு, "நம் பிள்ளைகள் போர்க்களச் சேற்றில் சாகும்போது, இங்கே ஒருவர் வாரம் நான்கு பவுண்டு வாங்கிக்கொண்டு தோல் பந்தைத் துரத்துகிறார்" என்று எழுதி, 'ஒரு நெசவாளி' என முடித்தேன். இருபதுக்குப் பதினெட்டு. வாத்தியார் அதைப் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை மைதானமே ரூபனைப் பார்த்து அந்த வரியைச் சொல்லிக் கூவியது. இடைவேளையில் படைக்கு ஆள் சேர்க்க வந்திருந்த சார்ஜென்ட்டிடம் ரூபன் ஆட்டக் காலணியோடு நடந்துபோய்ப் பெயர் கொடுத்தார். நானும் கைதட்டினேன்.

"இத எழுதினவன் பெரிய மனுசன்டா," என்றார் ரூபன். "அவனும் அப்பவே பட்டாளத்துக்குப் போயிருப்பான். இல்லேன்னா இப்படி எழுத மனசு வருமா? உசிரோட இருந்தா ஒருதடவை கையப் பிடிச்சுக் குலுக்கணும். நீதான் படிச்சவனாச்சே, பேப்பருக்கு நாலு வரி எழுதிப் போட்டு ஆளத் தேடிக் குடு."

"எழுதறேன் அண்ணே."

கண்ணாடியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். பார்வை போதாதென்று படையில் என்னைத் திருப்பி அனுப்பியது அவருக்குத் தெரியும். அதனால்தான் என்மேல் சந்தேகமே வரவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து, உண்மையைச் சொல்லி அவருக்கே ஒரு கடிதம் எழுத நான்கு முறை முயன்றேன். நான்கையும் கிழித்தேன். எழுத்தில் சொன்னால், மதிப்பெண்ணுக்கு எழுதியதுபோல மறுபடியும் நன்றாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நாளை சனி. பன்னிரண்டு மணிக்கு ஆலை விடும். இரண்டு மணிக்கு மருத்துவமனையில் பார்வையாளர் நேரம். அதை எழுதியவன் நான்தான் என்று ரூபனிடம் வாயால் சொல்ல வேண்டும்.