மேல்பனி: கலைந்தது / கலையாதது

1

இது திருட்டுக் கதை. கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவில் பதினோரு வருடம் கடை வைத்திருந்தேன். அலூகி பென்சில் வாங்க வந்தபோது சொன்னதைக் கேட்டு, மீதியை நானே போட்டுக்கொண்டேன். அவளிடம் அனுமதி கேட்கவில்லை.

உறைந்த கடலின் அடிவயிற்றில், கண்ணுக்குத் தெரியாத ஓர் உலகம்… (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். மே மாதம். அலூகிக்கு இருபத்துநாலு வயது. கடல்மேல் உறைந்த பனிக்கட்டியைத் துளைத்து, அதன் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் பாசியை எடுத்து, நுண்ணோக்கியில் வகை பிரித்து எண்ணுவது அவள் வேலை. படகு போல ஒன்று, ஊசி போல ஒன்று, கைகோத்துச் சங்கிலியாக நிற்பவை சில. போன வருடம் நாற்பத்தேழு வகை. ஒரே இடத்தில் மூன்று வசந்தம் எண்ணினால்தான் கணக்கு செல்லும். இது மூன்றாவது.

இந்த முறை கட்டியின் அடி வெள்ளை வெளேரென்று இருந்தது.

2

அதே ஊர் ஜொவானசிக்கு ஐம்பத்தெட்டு வயது. அலூகியை "அம்மா" என்றுதான் கூப்பிடுவான். செத்துப்போன அவன் தாயின் பெயரை இவளுக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் வந்தால் உறவும் வந்துவிடும். அங்கே அதற்கு மேல் பேச்சில்லை.

(பெரியவரை 'அவன்' என்கிறேனே என்று பார்க்காதீர்கள். கதை அவன் அம்மா பக்கம் நிற்கிறது.)

அம்மாவுக்குக் காற்று அடிக்கக் கூடாதென்று மூன்று வாரம் முன்பே மறைப்புச் சுவர் எழுப்பிவைத்தான். இறுகிய பனியைக் கத்தியால் கட்டி கட்டியாக அறுத்து அடுக்கிய சுவர். அறுத்தது, பாசி எடுக்கும் இடமென்று அவள் கொடி நட்டிருந்த அதே இடத்தில். கடல்கட்டியைப் போர்த்தியிருந்த மேல்பனி போனதும் வெயில் நேரே இறங்கியது. மங்கலிலேயே வாழ்ந்த பாசி தாங்காமல் உதிர்ந்துபோனது.

(அவனை முரடனாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவன்மேல் கோபம் வந்தால்தானே!)

3

"காத்து அடிக்குதாம்மா?"

"இல்லடா மகனே."

"பின்ன ஏன் மூஞ்சி தொங்கிக் கெடக்கு? செவுத்துல ஓட்டையா?"

சொல்லிவிட்டாள். அவன் சுவரைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான்.

"ஐயோ, பனி நல்லா இறுகியிருக்கேன்னு அங்கயே அறுத்தேனே! மக்குப் புள்ளையா பெத்து வச்சிருக்கம்மா நீ."

"வளர்ப்பு சரியில்ல. என் தப்புதான்" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

4

அவள் குறிப்பேட்டில் ஒரு கட்டம் உண்டு. மேல்பனி: கலைந்தது / கலையாதது. ஒன்றை வட்டமிட வேண்டும்.

முடிவு ஒன்று: 'கலைந்தது.' மூன்று வருட உழைப்பு போச்சு, வேலையும் போச்சு.

முடிவு இரண்டு: 'கலையாதது.' பாசி தானாகவே அழிந்தது என்று படிக்கிறவர்கள் எல்லாரும் நம்புவார்கள்.

முடிவு மூன்று: ஜொவானசி அந்தத் தாளைக் கிழித்து… (சீ, சினிமா.)

அவள் கடையில் சொன்னது இவ்வளவுதான். அவன் சுவரைப் பிரித்தான். ஒவ்வொரு கட்டியாகத் தூக்கிவந்து, அறுத்த பள்ளத்திலேயே, எது எதன் பக்கத்தில் இருந்ததென்று பார்த்துப் பார்த்துப் பொருத்தினான். அதில் பிரயோசனமில்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்ல மனசு வரவில்லை. சுவர் இறங்க இறங்கக் காற்று அவள் முகத்தில் அடித்தது.

"கலையாததுன்னே எழுதும்மா. அதான் எல்லாத்தையும் திருப்பி வச்சிடறேன்ல?"

அப்போது கடைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அவள் போய்விட்டாள். பிறகு எத்தனையோ தடவை வந்தாள், நான்தான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நானாக இருந்தால்… (இல்லை, எனக்குத் தெரியாது.)

இந்தாருங்கள் பென்சில். அவனுக்கு இன்னும் நாலு கட்டிதான் பாக்கி.