முட்டு பிரிக்கும் நாள்

அமராவதிபுதூரில் ஞானசேகர் வாத்தியாரின் புது வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே, இரும்பில் சம்மட்டி விழும் ஓசை ராஜப்ரியாவுக்குக் கேட்டது. கூரையைத் தாங்கும் முட்டுகளைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். எத்தனை முறை அழைத்தும், அந்த வீட்டைக் கட்டும் மேஸ்திரியான அப்பா ஏன் போனை எடுக்கவில்லை என்பது இப்போது விளங்கியது.

அவள் பேச்சை நம்பி வார்த்த கூரை அது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது உலை புகைவதோடு முடிவதில்லை; கல்லும் தன்னுள் பொதிந்த கரியமில வாயுவைக் கக்கிவிடுகிறது என்று வாத்தியாருக்கு அவள்தான் விளக்கியிருந்தாள். சுட்ட கல்லின் பங்கைப் பாதியாகக் குறைத்து, இரும்பு உலைக் கசடும் சாம்பலும் சேர்த்த சிமெண்டுக்கு அவர் மனமுவந்து இசைந்தார். அவருடைய தம்பி ஜோசப் ராஜ்தான் இசையவில்லை.

"சாம்பல்ல வீடு கட்டுறீகளே மேஸ்திரி, எங்க வீட்டு அடுப்புல மிச்சம் கிடக்கு, கொண்டாரவா?" என்று மீனாட்சிசுந்தரத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டான்.

ராஜப்ரியாவின் அப்பாவான மீனாட்சிசுந்தரம் அதற்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. முட்டுப் பிரிக்கும் வழக்கமான கெடு வந்ததும் அவன் கண்ணெதிரே முட்டுகளைப் பிரித்துக் காட்டுவதையே பதிலாக மனத்தில் வைத்திருந்தார். மகளின் சிமெண்ட் எதற்கும் குறைந்ததல்ல என்று ஊர் பார்க்க வேண்டும் அவருக்கு.

ஆனால் வார்த்த நாளிலிருந்து மழையும் ஈரக்குளிருமாகவே இருந்தது. இந்தச் சிமெண்ட் மெல்ல இறுகும் என்பதை அவள் அறிவாள். குளிர் அதை இத்தனை தாமதப்படுத்தும் என்று எண்ணவில்லை. அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டி, காலையில் அவள் கட்டடப் பொறியியல் படிக்கும் கல்லூரியின் அழுத்தும் இயந்திரத்தில், தாங்க வேண்டிய எடையில் பாதிக்கே நொறுங்கியிருந்தது.

உள்ளே, வடக்கு மூலையில் முட்டுகள் தரையில் கிடந்தன. பலகை நீக்கிய இடத்தில் மயிரிழை போல ஒரு கீறல். நடுக்கூடத்தில் அப்பா சம்மட்டியை ஓங்கியிருந்தார். முட்டு சாயாமல் கூலியாள் வீரணன் பிடித்திருந்தான். ஜோசப் ராஜ் கைகட்டி, கூரைக்கு வெளியே நின்றிருந்தான். அருகில் வாத்தியார்.

"அப்பா, அடிக்காதீங்க."

அவர் திரும்பாமலே சிரித்தார். "நீயும் வந்துட்டியா? நின்னு பாரு, உன் சிமெண்டு எப்படி நிக்கிதுன்னு."

தனியே அழைத்துச் சொல்லலாம். வேறு சாக்கு ஒன்றைச் சொல்லி அவர் மானத்தைக் காக்கலாம். சாக்கை அவர் கேட்டு முடிப்பதற்குள் சம்மட்டி இறங்கிவிடும்.

"என் சிமெண்டு இன்னும் இறுகலப்பா," என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. "கட்டி பாதி எடைக்கே நொறுங்கிருச்சு. வீரணண்ணே, வெளிய போங்க."

ஜோசப் ராஜின் சிரிப்பு கேட்டது. ஓங்கிய சம்மட்டி அசையவில்லை. பிறகு, மிக மெதுவாக, அது தரையைத் தொட்டது.

வடக்கு மூலைக்கு மறுபடி முட்டுக் கொடுத்தாக வேண்டும். கீறலுக்கு நேர்கீழே அவள் ஓர் இரும்பு முட்டுக்காலை நிமிர்த்தியதும், அப்பா வந்து தோளால் அவளைத் தள்ளிவிட்டு, அதை உயர்த்தும் திருகைப் பிடித்தார். அவள் போகவில்லை. ஒவ்வொரு திருகலுக்கும் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. கடைசி முட்டும் கூரையைத் தொட்டது. கீறல் நீளவில்லை.

பாதர் வந்து வீட்டை ஆசீர்வதிக்கும் நாளைய மந்திரிப்பு முட்டுகளுக்கு நடுவிலேயே நடக்கட்டும், அவரிடம் தானே சொல்லிக்கொள்வதாக வாத்தியார் சொன்னார்.

அப்பா கீறலைப் பார்த்தபடியே கேட்டார். "மீதிப் பாதி பலமும் வந்துரும்ல?"

வந்துவிடும் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. "அடுத்த கட்டிய ஒடச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்ப்பா."

அவர் சம்மட்டியை எடுத்துப்போய் அவளுடைய ஸ்கூட்டரில், கால் வைக்கும் இடத்தில் கிடத்தினார். "நீ சொல்ற அன்னைக்கு எடுத்துட்டு வா," என்றார்.